புதுப்பிப்பு: கூரைச் சூரிய மின்னமைப்புக்குக் கிரிட் இணைப்பு கிடைத்தது

எங்கள் பின்னலாடைத் தொழிற்கூடத்தின் 80 கிலோவாட் கூரைச் சூரிய மின்னமைப்பைக் கிரிட்டுடன், அதாவது பொது மின்கட்டமைப்புடன், இணைக்கும் விண்ணப்பம், இன்வெர்ட்டர் (சூரியத் தகடுகளின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் கருவி) சான்றுகள் போதவில்லை என்று மின் விநியோக நிறுவனத்திடமிருந்து திரும்பி வந்ததைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி; இணைப்பு கிடைத்துவிட்டது.

காரியத்தை நகர்த்தியது, ஐஎஸ் 16169 என்ற இந்தியத் தரநிலைப்படியான சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள் என்ற ஆலோசனைதான். விற்பனையாளர் தந்திருந்தது ஐஎஸ் 16221 இரண்டாம் பகுதிச் சான்று மட்டுமே. அது இன்வெர்ட்டரின் மின்பாதுகாப்பைப் பற்றியது. வெளியே மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக விலகி, மின்பாதையில் வேலை செய்யும் ஊழியருக்கு ஆபத்து நேராமல் காக்கிறதா என்பதைச் சோதிப்பது 16169. வந்த அறிக்கையில் சோதிக்கப்பட்டிருந்தது அதே வரிசையின் வேறொரு மாடல் என்றாலும், அதனுடன் இருந்த, அந்த வரிசை மாடல்களின் பட்டியலில் எங்கள் மாடல் எண் இடம்பெற்றிருந்ததால் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

எதிர்பாராதது வேறொன்று. இன்வெர்ட்டரில் வேறொரு நாட்டின் கிரிட்டுக்கான அமைவு மதிப்புகள் (செட்டிங்ஸ்) வைக்கப்பட்டிருந்தன. அதில், இன்வெர்ட்டர் விலக வேண்டிய மேல் அதிர்வெண் வரம்பு 51.5 ஹெர்ட்ஸ். மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிகளோ, அதிர்வெண் 47.5 – 50.5 ஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டினால் 0.2 நொடிக்குள்ளும், மின்னழுத்தம் 80 – 110 சதவீத வரம்பைத் தாண்டினால் 2 நொடிக்குள்ளும் விலக வேண்டும் என்கின்றன. நிறுவியவர் இந்திய அமைவு மதிப்புகளுக்கு மாற்றி, அந்த மதிப்புகளின் அச்சுப்படியைக் கோப்பில் இணைத்தார். சான்றிதழ் எத்தனை இருந்தாலும் இந்த அச்சுப்படி இல்லாமல் ஆய்வுக்குச் செல்லாதீர்கள் என்பேன்.

சிலர் சொன்ன ஹார்மோனிக் வடிகட்டி (மின்னலையின் வடிவத்தைக் கெடுக்கும் கூடுதல் அதிர்வெண்களைக் குறைக்கும் கருவி) தேவைப்படவில்லை. இணைப்புப் புள்ளியில் அளந்தபோது ஹார்மோனிக் அளவுகள் வரம்புக்குள்ளேயே இருந்தன.