குப்பனூர் இறக்கத்தில் சைக்கிள் பிரேக் கருகுது

கேள்வி: அண்ணா, ஞாயித்துக்கிழமை சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் மிதிச்சே ஏறினேன். காப்பித் தோட்ட மண்பாதையில சேர்வராயன் கோயில் வரைக்கும் போனேன், அவ்வளவு சந்தோசம்! திரும்ப மலையோட இன்னொரு பாதையான குப்பனூர் வழியா இறங்கறப்ப பின் டிஸ்க் பிரேக் கருகல் வாசம், பிடிமானமே இல்ல. நிஜமா பயந்துட்டேன்.

பதில்: தம்பி, இறக்கம் பூரா பிரேக்கை அழுத்திட்டே வந்திருப்பீங்க. வளைவுக்கு முன்னாடியே முன், பின் ரெண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைங்க, அப்புறம் விட்டுடுங்க, டிஸ்க் ஆறும். டிஸ்க்கைப் பிடிக்கிற பிரேக் பேடு பளபளன்னு இருந்தா மாத்திடுங்க.

பதில்: காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் மரச் சருகு நனைஞ்சா சோப்பு மாதிரி வழுக்குங்க. அங்க விழுந்து என் முழங்கை கிழிஞ்சுது. மண்பாதையில டயர் காத்தைக் கொஞ்சம் குறைங்க. தோட்டத்துக்காரங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க.

கேட்டவர்: பேடு கண்ணாடி மாதிரிதான் இருக்குண்ணா. நாளைக்கே மாத்தறேன்.