டயர் காற்று எச்சரிக்கை விளக்கைக் கோடிங்கில் (காரின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றி) அணைத்தவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

என் கார் 2012இல் பதிவான ஜெர்மன் வண்டி. பத்து வருடம் முடிந்ததும் சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்றை, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். அப்படிச் செய்தால் மறுபடி நீட்டிக்க வழியில்லை, 2027இல் ஸ்க்ராப்புக்குத்தான். அதனால் இனிமேல் இதற்குக் கொட்டும் ஒவ்வொரு வெள்ளியும் வயிற்றைக் கலக்கும்.

போன வருடம் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு வந்தது. குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி மாதிரி இருக்குமே, அதுதான். காற்றைப் பார்த்தால் நான்கிலும் சரியாக இருக்கிறது. ஆனால் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் ஒரு நிமிடம் கண் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தது. அப்படிச் சிமிட்டினால் குறை காற்றில் இல்லை, சென்சாரில். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டி அது. உள்ளே இருக்கும் பேட்டரி ஐந்திலிருந்து பத்து வருடம் வரை ஓடும். சீல் வைத்தது, பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் கேட்டேன். நான்கு சென்சார், டயரைக் கழற்றி மாட்டும் கூலி, பேலன்சிங் எல்லாம் சேர்த்து 800 வெள்ளியைத் தாண்டியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அங்கிளே சொன்னார்: "கோடிங் பண்ணி ஆஃப் பண்ணிடு லா."

கோடிங் பண்ண முதலில் வந்தவர் எங்கள் புளோக் கார் நிறுத்தத்திலேயே ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரோடு பேச இருக்கும் ஓபிடி துளையில் வயரைச் செருகி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். விளக்கு போயே போச்சு. மறுநாள் காலை திரையில் வேறொரு எச்சரிக்கை. அவர் மீட்டருக்கு மட்டும் வாயைக் கட்டியிருக்கிறார். சென்சாரின் சிக்னலை வாங்கும் பெட்டி இன்னும் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது.

இரண்டாவது ஆள் நம் தமிழ்ப் பையன். வந்ததும் பானெட்டைத் திறந்து பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டினான். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்ட் இறங்கினால் அந்தக் கம்ப்யூட்டர் மாடியூலே செத்துப்போகலாமாம். அடுத்து பழைய கோடிங்கை ஒரு ஃபைலில் சேமித்துக்கொண்டான். அப்புறம்தான் கேட்டான்: "அண்ணே, முழுசா கண்ணைக் கட்டிடவா, இல்ல ஏபிஎஸ் வழியா பார்க்கச் சொல்லவா?"

இப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. காற்று குறைந்த டயரின் உருளும் விட்டம் கொஞ்சம் சுருங்கும், அதனால் மற்றதைவிட வேகமாகச் சுற்றும். பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் ஏற்கெனவே ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. சில வண்டிகளில் கோடிங்கை மாற்றினால் அந்தக் கணக்கை வைத்தே எச்சரிக்கும். என் வண்டி அந்த ரகம்.

நம்பிக்கை வரவில்லை. நான்கிலும் 33 பிஎஸ்ஐ வைத்து ரீசெட் அழுத்தி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு, வலது பின் டயரில் மட்டும் 10 இறக்கினேன். செங்காங்கில் மெதுவாக ஒரு சுற்று. பத்து நிமிடம் கழித்து விளக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மஞ்சளைப் பார்த்துச் சிரித்தேன்.

உங்களில் யாராவது முழுக்கவே அணைத்துவிட்டு ஓட்டுகிறீர்களா?

*

நான் அணைத்தேன், பட்டேன். என் வண்டியில் ரன்ஃபிளாட் டயர். காற்று சுத்தமாகப் போனாலும் பக்கச்சுவர் வண்டியைத் தாங்கிக்கொள்ளும், வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அப்படிக் காற்றில்லாமல் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்குள், 80 கிலோமீட்டர் தூரம்தான் ஓட்டலாம். எனக்கு எங்கே தெரியும்? துவாஸைத் தாண்டி மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் மலாக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரப்பர் கருகும் வாடை வந்தது. லாரி ஏதோ என்று நினைத்தேன். மனைவிதான் "நம்ம வண்டிங்க" என்றாள். உள்பக்கச் சுவர் நார் நாராக வந்துவிட்டது. இந்த மாதிரி வண்டிகளில் ஸ்பேர் டயரும் கிடையாது. இழுவை வண்டிக்குக் கொடுத்த காசில் இரண்டு சென்சார் வாங்கியிருக்கலாம். ரன்ஃபிளாட் போட்டவர்கள் தயவுசெய்து இதில் கை வைக்காதீர்கள்.

*

தம்பி, அந்த ஏபிஎஸ் முறையையும் ரொம்ப நம்பாதீங்க. என் ஜப்பான் கார் பிறப்பிலேயே அந்த ரகம்தான். விளக்கு வந்தால் ரீசெட்டை அழுத்திப் பிடிப்பேன், போய்விடும். மூன்று மாதம் இப்படியே ஓட்டினேன். அப்போது இருக்கும் காற்றையே அது 'இதுதான் சரி' என்று மனப்பாடம் பண்ணிக்கொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை. நான்கு டயரும் ஒரே அளவில் இறங்கினாலும் அதற்குத் தெரியாது, ஒப்பிட எதை வைத்து ஒப்பிடும்? சர்வீசுக்குப் போனபோது நான்கும் 22. அந்த மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

*

ஜப்பான் கார் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு, காற்றை அளக்க ஒரு கேஜ் வாங்கிவிட்டேன். ஓட்டின பிறகு பார்த்தால் சூட்டில் கூடுதலாகக் காட்டும் என்பதால், ஞாயிறு காலை வண்டியை எடுப்பதற்கு முன்பே குனிந்துவிடுகிறேன். இன்று மூன்றில் 33, இடது முன் டயரில் மட்டும் 30. விளக்கு வரவில்லை. வால்வில் எச்சில் தொட்டு வைத்தேன், குமிழி வருகிறது.