7ஆம் வகுப்பில் "மதராசி", "மோமோ", "பிகாரி": ஆறு பீரியடில் என்ன செய்யலாம்?

யமுனைக்கரை டீச்சர் கேட்டது:

தில்லியில் தமிழ்ப் பிள்ளைகளும் மற்றவர்களும் கலந்து படிக்கிற பள்ளி. ஏழாம் வகுப்பு, 42 பேர். மூன்றில் ஒரு பங்கு தமிழ். மீதி பிகார், உ.பி., உத்தராகண்ட். மணிப்பூர்ப் பெண்கள் இரண்டு பேர். ஏழைக் குடும்பங்களுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களும் உண்டு.

தமிழ்ப் பையனை "மதராசி", "காலியா" (கறுப்பன்) என்கிறார்கள். அதே பையன் மணிப்பூர்ப் பெண்ணை "மோமோ" (கொழுக்கட்டை மாதிரியான பண்டம், வடகிழக்கத்தியரை இங்கே அப்படித்தான் கேலி செய்வார்கள்) என்கிறான், பின்பெஞ்சுக்காரனை "ஏய் பிகாரி" என்கிறான். சுற்றியிருக்கிற முப்பது பேர் சிரிக்கிறார்கள். எனக்குப் பெரிய கவலை அந்த முப்பது பேர்தான்.

6 பீரியட் கிடைத்திருக்கிறது, தலா 35 நிமிடம். இணையத்தில் ஓர் "அடையாளப் பூ" தாள் கிடைத்தது. நடுவில் பெயர், இதழ்களில் மொழி, மதம், சாதி, குடும்ப வருமானம், நிறம். எல்லாரும் நிரப்பிச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். செய்யலாமா? நீதிக்கதை சொல்லி முடிக்கிற வகை வேண்டாம், அது கையில் நிறையவே இருக்கிறது.

தாழ்வாரம்:

டீச்சர், அந்தத் தாளை அப்படியே கொடுக்காதீர்கள். சாதி, மதம், வருமானம் மூன்று இதழையும் முதலில் வெட்டிவிடுங்கள். சுவரில் ஒட்டவே வேண்டாம்.

காரணம் இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களைத் திரட்டிச் சோதனை செய்தார்கள். மேல்சாதிப் பையன்கள் 321, தலித் பையன்கள் 321. வேலை, காகிதத்தில் புதிர்ப்பாதைக்கு வழி கண்டுபிடிப்பது. தீர்த்த புதிருக்குக் காசு. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகச் செய்தார்கள். கலந்து உட்கார்ந்திருந்த குழுவில் ஒவ்வொருவன் பெயரையும் சாதியையும் வாசித்த பிறகு தலித் பையன்களின் எண்ணிக்கை சரிந்தது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. வாசித்தார்கள், அவ்வளவுதான். சுவரில் ஒட்டின பூவும் ஒரு வாசிப்புதான், அதுவும் வருஷம் முழுக்க.

இதே தவறு வேறு உருவத்திலும் நடக்கிறது. "கோட்டா பசங்க எழுந்து நில்லுங்க, புக்ஸ் வந்திருக்கு", "ஸ்காலர்ஷிப் ஃபார்ம், எஸ்சி ஸ்டூடன்ட்ஸ் கை தூக்குங்க". இது நடக்கிற வகுப்பில் ஆறு பீரியட் அடையாளம் பற்றிப் பேசுவது வீண் வேலை. படிவத்தை மூடிய உறையில் வைத்து 42 பேருக்கும் ஏதோ ஒரு உறை போகும்படி கொடுங்கள். காலி உறைக்குள் நேர அட்டவணை நகல் ஒன்றைப் போட்டால் போதும்.

பூவுக்குப் பதில் இப்படிச் செய்யலாம். ஏ4 தாளில் எட்டு வட்டம். நான்கு வட்டத்துக்கு முழுக்கோடு, நான்குக்குப் புள்ளிக்கோடு. முழுக்கோட்டில் எழுதுவதை மற்றவர்களுக்குக் காட்டலாம். புள்ளிக்கோட்டில் உள்ளது எழுதினவருக்கு மட்டும். எதை எங்கே எழுதுவது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். தூண்டுகேள்விகளைப் பலகையில் எழுதுங்கள்: வீட்டில் எத்தனை மொழி கேட்கும்? உன் பெயரை வைத்தது யார்? ஞாயிறு மதியம் என்ன சாப்பாடு? வீட்டில் உன் பொறுப்பில் இருக்கிற வேலை எது? எதற்கு உன்னைக் கூப்பிடுவார்கள்? கடைசிக் கேள்விக்கு நல்ல பதில்கள் வரும். ரீசார்ஜ் செய்யக் கூப்பிடுவார்கள், பாட்டிக்கு இந்தி மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள்.

எழுத 10 நிமிடம், ஜோடியாகப் பேச 6, நால்வர் குழுவில் "ஒன்று பொது, ஒன்று வேறு" கண்டுபிடிக்க 10. உங்கள் தாளை முதலில் நீங்களே பலகையில் வரைந்து, ஒரு புள்ளிக்கோட்டு வட்டத்தைக் காலியாக விடுங்கள். "இது எனக்கு" என்று சொல்லிவிட்டு நகருங்கள். மறைத்து வைப்பதும் ஓர் உரிமை என்று பிள்ளைகளுக்குப் புரிவது அங்கேதான். தாள்களைத் திரும்ப வாங்காதீர்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி இரண்டு நிமிடத்தில். மணி அடிக்கப்போகிறது என்று டீச்சர் "ஆக, நாம எல்லாரும் ஒண்ணுதான்" என்று முடிப்பார். காலையில்தான் "மோமோ" கேட்ட பெண்ணுக்கு அது, உனக்கு நடந்தது நடக்கவே இல்லை என்பது போல விழும்.

மோத்தி பாக் மாமா:

இரண்டாம் பீரியடுக்கு வரைபடம் எடுத்துப் போங்கள். நானே தேர்ந்தெடுத்த அடையாளம் நீலத்தில், மற்றவர்கள் என்மேல் ஒட்டியது சிவப்பில் என்று இரண்டு வண்ணமாகப் பிரித்து எழுதச் சொன்னபின், ஒட்டின பெயர்களை வரைபடத்தில் தேடச் சொல்லுங்கள்.

"மதராசி" எங்கே? மதராஸ் மாநிலம் 1969 ஜனவரி 14 அன்றே தமிழ்நாடு ஆகிவிட்டது. தெலங்கானாக்காரரையும் இங்கே மதராசி என்கிறார்கள். அந்த மாநிலத்தின் பெரும்பகுதி ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது, மதராஸ் மாகாணத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆக அது இடப்பெயரே இல்லை, சோம்பேறித்தனத்தின் பெயர்.

"பிகாரி" வேறு வகை. அது சரியான ஊர்ப்பெயர், யாரையும் இழிவு செய்யாத சொல். அதைச் சொல்கிற தொனிதான் வசவாக்குகிறது. இந்த வித்தியாசத்தை 12 வயதுப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். தடைசெய்த சொல் பட்டியல் போடாதீர்கள். போட்டால் மறுநாளே புதிய சொல் வரும்.

மணிப்பூருக்கு வரும்போது மியான்மர் எல்லையில் மோரே என்ற ஊரைக் காட்டுங்கள். அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள். 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற வேண்டிவந்தவர்களில் ஒரு பகுதியினர் அங்கே தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கம் உண்டு, கோயில் உண்டு. நம் பையன் "மோமோ" என்று கூப்பிடுகிற ஊர்க்காரர்கள் நம்மவர்களோடு பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர்கள். ஆனால் இதை அந்த இரண்டு பெண்களைப் பார்த்துக்கொண்டு சொல்லாதீர்கள், "உங்க ஊரைப் பற்றிச் சொல்லும்மா" என்று எழுப்பவும் செய்யாதீர்கள். ஒரு மாநிலத்தையே தோளில் சுமக்கச் சொல்வது அது.

சுண்ணக்கட்டி:

இருவரும் சொன்னது சரி, ஆனால் பேச்சு பாதிதான். உட்காரும் இடத்தை மாற்றுங்கள். மலிவான வேலை, பலன் அதிகம்.

தில்லியிலேயே இதற்கு ஆதாரம் உண்டு. 2007க்குப் பிறகு இங்குள்ள பெரிய தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டிவந்தது. கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் அதை ஆராய்ந்தார். சில பள்ளிகளில் படிப்புக் குழுவை அகரவரிசைப்படி பிரித்தார்கள். ஆகவே ஒரு பணக்காரப் பிள்ளையின் குழுவில் ஏழைப் பிள்ளை இருப்பது வெறும் எழுத்து தீர்மானித்த விஷயம். சேர்ந்து படித்த பிள்ளைகள் தாராளமாகப் பகிர்ந்தார்கள், தொடர் ஓட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது ஏழைப் பிள்ளையைத் தவிர்ப்பது குறைந்தது. கணக்கிலும் இந்தியிலும் மதிப்பெண் விழவில்லை, ஆங்கிலத்தில் மட்டும் சிறு சரிவு. பெற்றோர் கேட்டால் அந்தச் சரிவையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நாங்குநேரியில் தலித் மாணவனைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்டு 2024இல் அறிக்கை கொடுத்த நீதிபதி சந்துரு குழுவும் அகரவரிசை இருக்கையைத்தான் சொன்னது. தில்லிக்கு ஒரு திருத்தம் தேவை: குடும்பப்பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் சர்மா எல்லாரும் ஒரு பெஞ்சு, யாதவ் எல்லாரும் ஒரு பெஞ்சு. முதல்பெயரை வையுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரிசை நகர்த்துங்கள்.

சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது, ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாத வேலை வேண்டும். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சஸில் செய்த துண்டுமுறை இதற்கென்றே வந்தது. உங்கள் 42 பேர் கச்சிதம்: 6 பேர் கொண்ட 7 குழு. ஒரு பாடத்தை 6 துண்டாக வெட்டுங்கள், துண்டுக்கு 8 முதல் 10 வரி. ஒரே துண்டு கிடைத்த 7 பேர் முதலில் கூடி அதைப் புரிந்துகொள்வார்கள். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியில் ஆறு துண்டுக்கும் சேர்த்து ஐந்து கேள்வி, தனித்தனியாக. 35 நிமிடத்தில் அடங்காது, இரண்டு பீரியடாகப் பிரியுங்கள். சமூக அறிவியல் பாடத்தையே வெட்டினால் உங்கள் 6 பீரியட் செலவாகாது.

எங்கே உடையும்? வாசிப்பில் தடுமாறுகிற பிள்ளையை நேராகக் குழுவுக்கு அனுப்பினால் அவமானம்தான் மிஞ்சும். அதனால் ஏழு பேர் கூடும் கட்டத்தைச் சுருக்காதீர்கள். வராதவருடைய துண்டுக்கு நகல் வைத்திருங்கள். அந்த இரண்டு மணிப்பூர்ப் பெண்களையும் முதல் சுற்றில் பிரிக்காதீர்கள், பிறகு அவர்களைக் கேட்டுப் பிரியுங்கள்.

கண் நிறத்தை வைத்து வகுப்பை உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பிரிக்கிற நீலக்கண், பழுப்புக்கண் விளையாட்டை யாராவது சிபாரிசு செய்வார்கள். ஜேன் எலியட் என்ற பள்ளி ஆசிரியர் 1968இல் அமெரிக்காவின் அயோவாவில் செய்தது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள். பிள்ளைகளை நிஜமாகவே நோகவைத்துத்தான் அது வேலை செய்கிறது. நோகவைத்துவிட்டு 35ஆவது நிமிடம் மணி அடித்தால் என்ன செய்வீர்கள்?

யமுனைக்கரை டீச்சர்:

குறித்துக்கொண்டேன், நன்றி. இருக்கை திங்கட்கிழமையே மாறும். ஆனால் அந்த நொடிக்கு என்ன? "மோமோ" விழுகிறது, பக்கத்தில் இருக்கிறவன் என்ன செய்யணும்? "எதிர்த்துக் கேள்" என்றால் அவனும் அடி வாங்குவான். இன்னொன்று, இப்படி நிற்கிறவருக்குத் தமிழில் என்ன சொல்? கூட்டாளி என்றால் போலீஸ் செய்தி மாதிரி இருக்கிறது.

தாழ்வாரம்:

"துணை நிற்பவர்" என்று பழக்கலாம். இந்திப் பிள்ளைகளுக்கு "சாத் தேனேவாலா". பெயரைவிடச் செயல் முக்கியம்.

எதிர்த்துக் கேட்பது கடைசி வழி. அதற்கு முன்னால் நான்கு இருக்கின்றன. சிரிக்காமல் இருப்பது. கிண்டல் செய்கிறவனைக் கண்டுகொள்ளாமல் அந்தப் பெண்ணிடம் போய் "வா, லஞ்சுக்குப் போலாம்" என்று அழைத்துப் போவது. பெரியவர் ஒருவரைக் கூட்டி வருவது. அப்போது முடியாவிட்டால் பிறகு தனியாக "நீ ஓகேவா? டீச்சர்கிட்ட சொல்லணுமா, வேணாமா?" என்று கேட்பது. இந்த நான்காவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கும் முடிகிற வேலை இது. ஐந்தாவதாக நேரடிப் பேச்சு: ஒரே வாக்கியம், கேலி இந்தியில் வருவதால் இந்தியிலேயே. "நாம் சே புலா நா" (பேர் சொல்லிக் கூப்பிடேன்). அவ்வளவே. விவாதம் கூடாது.

வாயில் வரும்வரை ஒத்திகை பார்க்க வேண்டும். மூவர் குழு, 90 விநாடி, ஆள் மாறி மாறி. நிஜ வசவுச் சொற்களை ஒத்திகையில் பயன்படுத்தாதீர்கள். "நீலப்பை" மாதிரி பொய்ப்பட்டம் ஒன்று வையுங்கள். நிஜத்தில் கேலிக்கு ஆளாகிற பிள்ளைக்கு அந்தப் பாத்திரத்தைக் கொடுக்காதீர்கள். ஒரே நாளில் அரைமணி நேரம் செய்வதைவிட, ஒவ்வொரு திங்களும் 5 நிமிடம் ஆறு வாரம் செய்வது நிற்கும்.

இரண்டு ஆபத்து. ஒன்று, காப்பாற்றுகிற ஹீரோ: அந்தப் பெண்ணைக் கேட்காமலே அவளுக்காகச் சண்டைக்குப் போவான், வகுப்பே அவளைத் திரும்பிப் பார்க்கும். இன்னொன்று, வகுப்பு மொத்தமும் கிண்டல் செய்தவன் மேல் பாய்ந்து "நீ மதராசிதானே" என்று ஆரம்பிக்கும். இரண்டாவது நடந்தால் உடனே நிறுத்துங்கள்.

உங்களுக்கும் ஒரு வாக்கியம் வேண்டும், 10 விநாடிக்குள்: "அவளுக்குப் பேர் இருக்கு, இந்த வகுப்பில் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்." சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். இருவரிடமும் பிறகு தனித்தனியாகப் பேசுங்கள். எல்லார் முன்னாலும் "சாரி சொல்லு, கை குடு" என்று வற்புறுத்தினால் மன்னிக்கிற பாரமும் அந்தப் பெண் தலையில்தான்.

ஜனக்புரி வாசகர்:

எல்லாம் சரி, ஆனால் இந்த வயதில் கிண்டல் சகஜம். இவ்வளவு பெரிதாக்கணுமா?

சுண்ணக்கட்டி:

சார், நிடோ தானியா பெயர் ஞாபகம் இருக்கா? 2014 ஜனவரி, லாஜ்பத் நகர். அருணாசலப் பையன், தலைமுடியைக் கிண்டல் செய்ததில் தொடங்கி அடிதடியில் முடிந்து உயிர் போனது. அதன் பிறகுதான் வடகிழக்கத்தியரின் பிரச்சினைகளை ஆராய பெஸ்பரூவா குழு அமைத்தார்கள். எல்லாக் கிண்டலும் அங்கே போகாது, ஒத்துக்கொள்கிறேன். இருவரும் சிரிக்கிற, மாறி மாறி நடக்கிற கேலியை விட்டுவிடலாம். ஒரே ஆள்மேல், ஒரே விஷயத்தை வைத்து, அந்த ஆள் சிரிக்காதபோதும் நடந்தால் அது வேறு.

மோத்தி பாக் மாமா:

சட்டப் பக்கம் சுருக்கமாக. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: உடல் தண்டனைக்கு மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலுக்கும் தடை. ஆசிரியர் வாயிலிருந்து "கோட்டா பசங்க" வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரக்கூடியது. அதை வகுப்பு விளையாட்டால் தீர்க்கப் பார்க்காமல் முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். தேதி, இடம், சொன்ன சொற்கள் அப்படியே, யார் கேட்டார்கள். உங்கள் அபிப்பிராயம் அதில் வேண்டாம்.

யமுனைக்கரை டீச்சர்:

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தாழ்வாரம்:

"உன்னைக் கிண்டல் செய்கிறார்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். பள்ளியின் எளிய வரைபடம் ஒன்றை நகலெடுத்து 42 பேருக்கும் கொடுங்கள், பெயர் வேண்டாம். "வேண்டாத பட்டப்பெயர் காதில் விழுகிற இடத்தில் புள்ளி வை." முதல் வாரம் ஒருமுறை, எட்டாவது வாரம் ஒருமுறை. எல்லாரும் ஒரே நிறப் பேனா, இல்லாவிட்டால் கையெழுத்தைவிட மையே காட்டிக்கொடுக்கும். புள்ளிகள் வகுப்பறையைவிட பஸ், தண்ணீர்க் குழாய், கழிப்பறை வாசலில்தான் குவியும். அங்கே இடைவேளையில் ஒரு பெரியவர் நிற்க ஏற்பாடு செய்யுங்கள். எட்டாவது வாரம் புள்ளி கூடினாலும் பதறாதீர்கள். முன்பு காதில் விழாதது இப்போது விழுகிறது என்றும் இருக்கலாம். அதனால் தாளின் அடியில் இன்னொரு கேள்வியும் வையுங்கள்: "கடைசியாகக் கேட்டபோது யாராவது ஏதாவது செய்தார்களா?" நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.