நீரில் கரைந்த பாதரசமும் தாய்மீன் வழியே வரும் பாதரசமும்: மீன் கருவுக்கு இரண்டும் ஒன்றா?

பொருநைக்கரை:

வணக்கம். விலங்கியல் முதுகலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக, வரிக்குதிரை மீனின் கருவளர்ச்சியைப் பாதரசம் எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராய எண்ணியிருக்கிறேன். இதுவரை படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே வழியைத்தான் பின்பற்றுகின்றன. கருவுற்ற முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள் மெர்க்குரிக் குளோரைடு அல்லது மெத்தில் பாதரசக் கரைசலில் இட்டு, நான்கைந்து நாள்களுக்கு இறப்பு, பொரிப்பதில் தாமதம், இதய உறையில் நீர்க்கோப்பு, வளைந்த முதுகுத்தண்டு ஆகியவற்றைக் கணக்கெடுக்கிறார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. ஆறு, ஏரி நீரில் கரைந்திருக்கும் பாதரசம் பெரும்பாலும் லிட்டருக்கு நானோகிராம் அளவில்தான் இருக்கிறது. சோதனைகளிலோ மைக்ரோகிராம் அளவில், அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல், கலக்கிறார்கள். அப்படியானால் இந்த முடிவுகள் இயற்கை நீர்நிலைகளைப் பற்றி என்னதான் சொல்கின்றன? மேலும், மாசடைந்த நீரில் தலைமுறை தலைமுறையாக வாழும் மீன்களின் கருக்கள் பாதரசத்தைத் தாங்கும் திறன் பெற்றுவிடுகின்றன என்று எங்கள் துறையில் ஒருவர் கூறினார். இது உண்மையா? உண்மையென்றால், காலப்போக்கில் பாதிப்பு குறைந்துவிடும் என்று கொள்ளலாமா?

அலையாத்தி:

முதல் ஐயம் மிகவும் நியாயமானது. ஆனால் அதற்குள் போவதற்கு முன், எந்தப் பாதரசத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்வது நல்லது. மெர்க்குரிக் குளோரைடு போன்ற கனிமப் பாதரசத்தில் கணிசமான பகுதி முட்டையின் வெளியுறையான கோரியானிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. அதனால் அது தீங்கற்றது என்று பொருளில்லை. 1970-களிலேயே மெடாகா என்னும் சிறு நன்னீர் மீனின் முட்டைகளை மெர்க்குரிக் குளோரைடில் வைத்து, கருவில் ஊனங்கள் தோன்றுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மெத்தில் பாதரசமோ இந்த உறையை எளிதாகக் கடந்து கருவை அடைந்துவிடுகிறது. புரதங்களிலுள்ள கந்தகக் குழுக்களோடு அது இறுகப் பிணைவதால், செல் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்கள் சிதைகின்றன. செல்கள் மிக வேகமாகப் பெருகும் கருப்பருவத்தில் இதைவிடக் கெட்ட நேரம் வேறில்லை.

இயற்கையில் இந்த மெத்தில் பாதரசம் உருவாகும் இடம் ஆக்சிஜன் குறைந்த சேறு. சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் உள்ளிட்ட சில நுண்ணுயிரிகள் கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதற்குக் காரணமான இரு மரபணுக்கள் 2013-ல் அடையாளம் காணப்பட்டன. அங்கிருந்து அது உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் செறிந்துகொண்டே போகிறது. மீன் தசையில் உள்ள பாதரசம் ஏறக்குறைய முழுவதுமே மெத்தில் பாதரசம்தான். ஆகவே நீரில் நானோகிராம் அளவுதான் இருக்கிறது என்பதை வைத்து, கருவுக்கு வந்து சேரும் அளவும் அவ்வளவே என்று கணக்கிட்டால் தவறிவிடுவோம்.

ஃபேட்ஹெட் மின்னோ என்னும் வட அமெரிக்கச் சிறுமீனுக்கு மெத்தில் பாதரசம் கலந்த உணவளித்துச் செய்த ஆய்வுகளை அவசியம் தேடிப் படியுங்கள். முட்டையிலுள்ள பாதரசத்தின் முதன்மையான மூலம், முட்டைகள் உருவாகும் காலத்தில் தாய் உண்ட உணவே என்று அவை காட்டின. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, பாதரசம் உண்ட பெண்மீன்களில் பாலியல் ஹார்மோன்களின் அளவு குறைந்ததும், முட்டையிடுவதே குறைந்துபோனதும்தான். கரு என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே நேர்ந்துவிடும் இந்த இழப்பு, கரைசலில் முட்டையை இடும் எந்தச் சோதனையிலும் அகப்படாது.

கழிமுகம்:

இரண்டாவது கேள்விக்கு நான் அறிந்தவரை மிகத் தெளிவான விடை, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக் கழிமுகங்களில் வாழும் மம்மிச்சாக் என்ற சிறுமீனிடமிருந்து கிடைத்தது. (1973-ல் ஸ்கைலேப் விண்கலத்தில் ஏறி, விண்வெளிக்குச் சென்ற முதல் மீன் என்ற பெயரைப் பெற்றதும் இதுவே.) ஜூடித் வைஸ், பெட்ரிக் வைஸ் என்னும் ஆய்வாளர் தம்பதியர் 1970-களிலிருந்து இதன் கருக்களை ஆராய்ந்தார்கள். வளர்ச்சியின் தொடக்கத்திலேயே மெத்தில் பாதரசத்துக்கு ஆட்பட்ட கருக்களில், இரு கண்களும் சற்று நெருங்கி அமைவதில் தொடங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, இறுதியில் நடுவில் ஒற்றைக் கண்ணாகவே முடியும் வரை முக ஊனங்கள் படிப்படியாகக் கடுமையாவதைக் கண்டார்கள். ஒரே அளவு பாதரசத்தில் வைத்தாலும் சில பெண்மீன்களின் முட்டைகள் பெரிதும் ஊனமுற்றன. வேறு சில பெண்மீன்களின் முட்டைகள் ஏறக்குறைய பாதிப்பின்றித் தப்பின. எந்தத் தாயின் முட்டை என்பதைப் பொறுத்தே விளைவு இவ்வளவு மாறுபட்டது.

பிறகு நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டின் சவுத்தாம்ப்டன் பகுதியில் தூய்மையான நீரில் வாழும் மீன்களையும், நியூ ஜெர்சியில் தொழிற்சாலைகள் சூழ்ந்த பைல்ஸ் க்ரீக் என்னும் ஓடையில் வாழும் மீன்களையும் ஒப்பிட்டார்கள். 1981-ல் வெளியான முடிவின்படி, மாசடைந்த ஓடையின் கருக்களே மெத்தில் பாதரசத்தை நன்றாகத் தாங்கின. உங்கள் துறையில் சொன்னது இதுவரை சரி. பலவீனமான முட்டைகளை ஈனும் தாய்களின் வழி அங்கே அற்றுப்போய், தாங்கக்கூடியவை மட்டும் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

ஆனால் அந்தக் கருக்கள் வளர்ந்து பெரிதானபின் எப்படி வாழ்ந்தன என்று பார்த்தால் கதை மாறுகிறது. பைல்ஸ் க்ரீக் மீன்கள் மெதுவாக வளர்ந்தன, குறைந்த காலமே வாழ்ந்தன. இறால்களைத் துரத்திப் பிடிப்பதில் பின்தங்கி, அடியில் படிந்த மக்கிய பொருள்களை மிகுதியாக உண்டன. தங்களை வேட்டையாடும் நீல நண்டுகளிடமும் எளிதில் சிக்கின. கருப்பருவத்தில் கிடைத்த தாங்குதிறன் வாழ்நாள் முழுவதற்குமான காப்பாக அமையவில்லை. ஆகவே பாதிப்பு குறைந்துவிடும் என்று கொள்வதற்கில்லை. நாம் கணக்கெடுக்கும் பருவத்திலிருந்து நாம் பார்க்காத பருவத்துக்கு அது இடம்பெயர்ந்திருக்கிறது என்பதே என் கருத்து.

பொருநைக்கரை:

இருவருக்கும் நன்றி. தாய்க்கு உணவு வழியே பாதரசம் கொடுத்து ஆய்வு செய்ய எனக்குக் காலமும் இல்லை, ஆய்வக வசதியும் இல்லை. அப்படியிருக்க, கரைசல் முறையிலேயே பயனுள்ள ஏதேனும் செய்ய முடியுமா, அல்லது தலைப்பையே மாற்றிவிடுவது நல்லதா?

கழிமுகம்:

தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, எதை அளக்கிறீர்கள் என்பதை மாற்றினால் போதும். கண்ணுக்குத் தெரியும் ஊனம் எதுவும் தோன்றாத அளவுக்குச் செறிவைக் குறைத்துக்கொண்டு, பொரித்த குஞ்சுகளின் நடத்தையைக் கவனியுங்கள். மம்மிச்சாக் கருக்களில் குறைந்த அளவு மெத்தில் பாதரசத்தைக் கொண்டு இதைச் செய்தபோது, பார்வைக்கு நலமாகவே இருந்த குஞ்சுகள் தொடக்க நாள்களில் இரை பிடிப்பதில் தடுமாறி, பிறகு ஓரளவு தேறின. இயற்கையில் அந்தத் தொடக்க நாள்களைத் தாண்டாத குஞ்சுக்குத் தேறுவதற்கு வாய்ப்பேது? வரிக்குதிரை மீனிலும் கருப்பருவத்தில் மெத்தில் பாதரசத்துக்கு ஆட்பட்டவற்றின் பேரக்குஞ்சுகளிடம்கூடப் பார்வைக் குறைபாடும் மிகையான அசைவும் காணப்பட்டதாக 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. முதுகலை ஆய்வேட்டில் மூன்று தலைமுறைகளைப் பார்ப்பது இயலாதுதான். ஆனால் ஐந்தாறு நாள் குஞ்சுகள் பாரமீசியம் என்னும் ஒற்றைச்செல் உயிரியைப் பிடித்து உண்பதையும், ஒளியும் இருளும் மாறும்போது நீந்தும் விதம் மாறுவதையும் ஒரு சாதாரண கேமராவில் பதிவு செய்தே கணக்கிடலாம்.

அலையாத்தி:

அதனுடன் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். எல்லா மீன்களின் முட்டைகளையும் ஒரே தொட்டியில் கலந்து எடுக்காமல், ஒவ்வோர் இணையின் முட்டைகளையும் தனித்தனியே வைத்து, புள்ளியியலில் இணையையே அலகாகக் கொள்ளுங்கள். மேலே சொன்ன தாய்க்குத் தாய் வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாவிட்டால், சராசரி உங்களைத் திசைதிருப்பிவிடும். அடுத்து, பாதரசம் கலத்தின் சுவர்களில் படிந்து கரைசலில் குறைந்துகொண்டே போகும் என்பதால், கலந்த அளவை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல், வேறு ஆய்வகத்தின் உதவியைக் கேட்டாவது கருவில் சேர்ந்த பாதரசத்தை அளந்துவிடுங்கள். அந்த எண் கையில் இருந்தால்தான், இயற்கை நீர்நிலைகளில் மீன் முட்டைகளில் அளக்கப்பட்டுள்ள அளவுகளோடு உங்கள் முடிவை ஒப்பிட்டு, நீங்கள் எழுப்பிய முதல் கேள்விக்கு நீங்களே விடை எழுத முடியும். கழிவுக் கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடாமல் தனிக் கலனில் சேர்த்து, பெயரெழுதி ஒட்டி, முறைப்படி ஒப்படைப்பதற்கான ஏற்பாட்டை, சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் துறையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.