அமெரிக்காவின் அந்த பட்ஜெட் உபரி யாருடையது: அதிபர் கிளின்டனா, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸா?

வரிக்குதிரை:
"குடியரசுக் கட்சி சிக்கனம், ஜனநாயகக் கட்சி ஊதாரி" என்று நேற்று ஒருவர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பற்றிக்கொண்டு வருகிறது. அமெரிக்க பட்ஜெட்டில் 1998 முதல் 2001 வரை தொடர்ந்து உபரி, அதாவது செலவைவிட வரவு அதிகம். ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன் காலத்தில் உச்ச வருமான வரியை 39.6 சதவீதமாக்கிய 1993 சட்டம்தான் அதற்கு அஸ்திவாரம். அதற்குக் குடியரசுக் கட்சி ஒரு ஓட்டுகூடப் போடவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1995இலிருந்து காங்கிரஸின் இரண்டு அவைகளும் யார் கையில்? குடியரசுக் கட்சி கையில். கஜானா சாவி காங்கிரஸிடம். கிளின்டன் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

வரிக்குதிரை:
சாவி சரி, உள்ளே பணம் எப்படி வந்தது? 1993. ஒரு ஓட்டுகூட இல்லை. மேலவையான செனட்டில் 50-50 என்று நின்று, துணை அதிபர் அல் கோர் ஓட்டில்தான் தப்பியது.

கணக்குப்பிள்ளை:
உங்கள் கட்சிக்காரர்களே எதிர்த்ததால்தானே 50-50? அதை மட்டும் விழுங்கிவிடுவீர்கள். 1997இல் மூலதன ஆதாய வரி, அதாவது பங்கு, சொத்து விற்ற லாபத்தின் மீதான வரி, 28 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அடுத்த வருடமே உபரி.

வரிக்குதிரை:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. குடியரசுக் கட்சி அதிபர் ரீகனும்தான் 1981இல் வரியைக் குறைத்தார். ஒரு லட்சம் கோடி டாலருக்குள் இருந்த கடன், அவர் போகும்போது இரண்டரை லட்சம் கோடியைத் தாண்டியது.

கணக்குப்பிள்ளை:
அப்போது கீழவை ஜனநாயகக் கட்சியிடம். மறுபடியும் சொல்கிறேன், சாவி.

நடுவாசல்:
பங்குச் சந்தை ஏறியது, பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு குறைந்தது, 1990இல் குடியரசுக் கட்சி அதிபர் அப்பா புஷ்ஷும் வரி ஏற்றினார். அதெல்லாம் கணக்கில் இல்லையா? முதலில் சிக்கனம் என்றால் வரி குறைவா, செலவு குறைவா?

வரிக்குதிரை:
வந்துவிட்டார் நாட்டாமை. 2003 முதல் 2006 வரை வெள்ளை மாளிகை, இரண்டு அவைகள், சாவி எல்லாமே குடியரசுக் கட்சியிடம். உபரி எங்கே, கணக்குப்பிள்ளை?

கணக்குப்பிள்ளை:
ஈராக் போர் நடந்தது ஞாபகம் இருக்கிறதா?

வரிக்குதிரை:
போர் தொடங்கிய அதே 2003இல் வரியையும் குறைத்தார்களே, அந்தச் சிக்கனமா?

கணக்குப்பிள்ளை:
நிதியாண்டு அக்டோபரில் தொடங்கும் என்பதே தெரியாமல் போன மாதம் மாட்டிக்கொண்டவரிடம் எனக்கென்ன பேச்சு?

வரிக்குதிரை:
அதற்கு அப்போதே பதில் சொல்லியாயிற்று. பேச்சை மாற்றாதீர்கள். 1993இல் ஒரு ஓட்டு, ஒன்றே ஒன்று காட்டுங்கள்.

நடுவாசல்:
நான் கேட்ட கேள்வி?

கணக்குப்பிள்ளை:
1995.