மால்டினி: லெஃப்ட் பேக்கிலிருந்து சென்டர் பேக்குக்கு

பின்வரிசை:
இத்தாலியக் கால்பந்து வீரர் பாவ்லோ மால்டினி இயல்பில் வலதுகால் ஆட்டக்காரர். மிலன் கிளப்புக்கு லெஃப்ட் பேக்காக (தற்காப்பு வரிசையின் இடது ஓரத்தில்) நெடுங்காலம் ஆடிவிட்டு சென்டர் பேக் (வரிசையின் நடுவில் நிற்பவர்) ஆனார். 1985 ஜனவரியில், 16 வயதில் தொடங்கியவர் 2009 மே வரை நின்றார். இந்த இடமாற்றத்தில் ஆட்டத்தில் எதெல்லாம் மாறும்? 29 வயது லெஃப்ட் பேக் ஒருவர் இப்போது நடுவுக்கு வந்தால் எங்கே அடிவாங்குவார்?

சான்சிரோ:
வயதானதால் நடுவுக்கு வந்தார் என்று சொல்வது பாதி உண்மை. 1994 ஐரோப்பிய கிளப் கோப்பை இறுதியில் மிலனின் வழக்கமான சென்டர் பேக்குகள் பரேசி, கோஸ்டாகுர்டா இருவருக்கும் தடை. ஏதென்ஸில் ஃபிலிப்போ கல்லியுடன் நடுவில் நின்றவர் 25 வயது மால்டினி. பார்சலோனாவை மிலன் 4-0 என வென்றது. 2003, 2007 இறுதிகளில் இன்னொரு சென்டர் பேக் நெஸ்டாவுடன் நடுவில். இடையே 2005-இல், 36 வயதில், மறுபடி லெஃப்ட் பேக். மிலன் பயிற்சியாளர் சாக்கியிடம் ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கப் பழகியவர் அவர். அந்தப் பழக்கம் இருந்தால் எந்த இடமும் பிடிபடும்.

ஆஃப்சைடு கொடி:
லெஃப்ட் பேக்குக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடே காவல். விங்கரை (ஓரமாகத் தாக்க வரும் எதிரணி வீரரை) அந்தப் பக்கம் ஒதுக்கினால் பாதி வேலை முடிந்தது. நடுவில் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். அதனால் நெஞ்சை நேரே காட்டி நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பந்து, ஃபார்வர்ட் (கோலடிக்க முன்னால் நிற்கும் எதிரணி வீரர்) இரண்டும் கண்ணில் பட வேண்டும். பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஃபார்வர்ட் முதுகுப்பக்கம் நழுவிவிடுவார். ஒவ்வொரு பாஸுக்கு முன்பும் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை போடுங்கள்.

பெரிய அடி விழுவது வேறிடத்தில். பந்தை நோக்கிப் பாய்வது லெஃப்ட் பேக்கின் பழக்கம். நடுவில் அதைச் செய்தால் கோலுக்கு நேரே ஓட்டை. ஃபார்வர்ட் கோலுக்கு முதுகு காட்டி வாங்கும்போது, பின்னால் துணை இருந்தால் மட்டும் வெளியே வாருங்கள். பாஸ் கொடுப்பவர்மேல் நெருக்கடி இல்லை, தலை நிமிர்ந்திருக்கிறது என்றால் உடனே பின்வாங்குங்கள். எதிரணி பந்தைப் பின்னால் தட்டினால் தற்காப்பு வரிசையை மேலே ஏற்றுங்கள்.

பின்வரிசை:
இடப்பக்க சென்டர் பேக்காக வலதுகாலர் நின்றால் பந்து கொடுப்பதில் சிக்கல் வராதா?

ஆஃப்சைடு கொடி:
வரும். பந்தை வலதுகாலில் நிறுத்தினால் உடல் உள்ளே திரும்பி லெஃப்ட் பேக்குக்கான வழி அடைபடும். பந்தை உடலுக்குக் குறுக்கே ஓடவிட்டு இடதுகாலில் வாங்க வேண்டும். மால்டினிக்கு இரண்டு காலும் பேசும். மற்றவர்கள் இதைத் தினமும் தனியாகப் பழகியே ஆக வேண்டும்.

சான்சிரோ:
உயரத்தையும் பாருங்கள். மால்டினி 1.86 மீட்டர். 1.72 உள்ளவரை நால்வர் வரிசையின் நடுவில் நிறுத்தினால் எதிரணி கிராஸாகவே (ஓரத்திலிருந்து கோல்முன் தூக்கி அடிக்கும் பந்து) போட்டுத்தள்ளும். அவருக்கு மூவர் தற்காப்பு வரிசையின் இடப்பக்கம் பொருத்தம்.