கோல்ட் இஸ் மை பாஸ்போர்ட்: கடைசியில் வரும் அந்தக் குழியை நம்பலாமா?

கரடிப்போக்கான்:
தலைப்பில் உள்ள கோல்ட் தங்கமில்லை, துப்பாக்கி. படம் 1967 இல் வந்தது. ஜப்பானின் நிக்காட்சு நிறுவனம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், இயக்கம் தகாஷி நோமுரா, மொத்தமே 84 நிமிடம். முடிவைச் சொல்லித்தான் கேட்கப் போகிறேன். பார்க்காதவர்கள் இத்தோடு விலகிக்கொள்ளுங்கள்.

கமிமுரா கூலிக்குக் கொலை செய்கிறவன். ஒரு குண்டர் கூட்டத்தின் தலைவரைச் சுடச் சொல்லி எதிர்க்கூட்டம் காசு கொடுக்கிறது. சொன்ன வேலையைச் சுத்தமாக முடிக்கிறான். பிறகு பார்த்தால் இரண்டு கூட்டமும் சமாதானமாகிவிடுகின்றன. அந்தச் சமாதானத்துக்கு விலை இவனுடைய தலை. இதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசிக் காட்சிதான் இடிக்கிறது. ஒரு மரம் மட்டை இல்லாத வெட்டவெளியில் தனியாளாக ஒரு குழி கிண்டுகிறான். இவனைக் கொல்ல எதிரிகள் குண்டு துளைக்காத காரில் வருகிறார்கள். இவன் குழிக்குள் விழுந்து படுக்க, கார் மேலால் போகிறது. அடியில் வெடியை ஒட்டிவிடுகிறான். கார் சிதறுகிறது, இவன் எழும்பி நடக்கிறான். கூட இருந்து பார்த்த மச்சான் “இது எம்ஜிஆர் படமடா” என்று சிரித்துவிட்டான். இது நடக்கக்கூடியதா? அப்புறம், கப்பல் ஏறித் தப்புவதற்கு வழி இருந்தும் ஏன் நின்றான்?

ஒட்டுசுட்டான் பெக்கோ:
தம்பி, எனக்குத் தொழிலே மண் கிண்டுவதுதான். அதனால் குழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதைப் படிச்ச ஆட்கள் சொல்லட்டும்.

நீங்கள் எல்லாரும் அவனுடைய முகத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் குழியின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொட்டி நிரவிய நிலம். அப்படிப்பட்ட மண்ணில் கிண்டுவது சுகம், சுவர் நிற்பதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்துக் கிறவலுக்கு அலவாங்கு போட்டு இடிக்க வேண்டும், கை கொப்பளித்துப் போகும். ஆனால் ஒருமுறை வெட்டினால் மழைக்கும் அசையாது. புதுமாத்தளன் பக்கம் வெள்ளை மணல். வெட்ட வெட்டச் சரிந்து உள்ளே வரும். 2009 இல், கடைசி யுத்தத்தில், அம்மா தன் கூறைச்சேலையைக் கிழித்துப் பை தைத்தார். அதில் மணலை நிரப்பித்தான் பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, சுவர் அடுக்கினோம். சிவப்புப் பட்டில் சரிகைக் கரை, அதற்கு மேலே பக்கத்து வீட்டுக்காரரின் நைலெக்ஸ் சேலை. வன்னியில் அந்த நாளில் இது புதினமே இல்லை.

எங்களுக்கு மேலே மூடப் பனங்குற்றி வேண்டும், அதற்கு மேலே மண் மூட்டை வேண்டும். இவனுடைய குழிக்கு மூடியே இல்லை. முதலில் எனக்கும் அதுதான் பிழையாகப் பட்டது. பிறகுதான் பிடிபட்டது, மூடியை எதிரியே ஓட்டிக்கொண்டு வருகிறான். துளைக்காத காரை விட நல்ல மூடி எங்கே கிடைக்கும்? கார் மேலே நிற்கிற நேரத்துக்கு ஒருவனும் இவனைச் சுட முடியாது.

குழி ஒடுக்கம். சில்லு இரண்டு பக்கத்தாலும் போகும். அகலமாக வெட்டியிருந்தால் காரும் அவனும் ஒன்றாகத்தான் கிடந்திருப்பார்கள். வெடித்த பிறகு தப்புவதும் சரிதான். கார் தாண்டிப் போனபிறகு வெடித்தால், சிதறுகிற துண்டுகள் பெரும்பாலும் மேலாலும் பக்கத்தாலும்தான் பறக்கும். நிலமட்டத்துக்குக் கீழே கிடக்கிறவனுக்கு மண்தான் வந்து கொட்டும். இதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. உங்கள் மச்சான் எந்த ஊர்? கொழும்பா?

எனக்கு நம்ப முடியாதது வேறு. அவ்வளவு வெட்டவெளியில் கிண்டி எடுத்த மண் குவியலைக் காரில் வந்தவர்கள் கவனிக்கவில்லையாம். ஈர மண் நிறம் மாறிக் கிடக்குமே!

முள்ளியவளை வாசகி:
பெக்கோ அண்ணை எழுதியதை வாசித்துவிட்டு அந்தக் காட்சியை மட்டும் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். மண் குவியல் விஷயம் சரிதான்.

கப்பல் கேள்விக்கு வருகிறேன். கமிமுராவின் கூட்டாளி சுன் பிடிபட்டுவிடுகிறான். அவனை விட்டால் நானே வருகிறேன் என்று கமிமுரா வாக்குக் கொடுக்கிறான். ஆக, அவன் நிற்பது வீரத்துக்காக இல்லை, கொடுத்த வாக்குக்காக. கூலி கொடுத்த பெரிய மனிதர்கள் வாக்கு மாறுகிறார்கள், கூலி வாங்கியவன் மாறவில்லை. படத்தின் பிடியே அதில்தான் இருக்கிறது. யோகோஹாமாவில் லொறிக்காரர்கள் வந்து சாப்பிடுகிற விடுதியில் வேலை செய்கிற மினாவுக்குத்தான் படம் அநியாயம் செய்கிறது. அந்த இடத்தை விட்டுப் போகவேண்டும் என்று முதலில் நினைத்தவளே அவள்தான். சுன்னாக நடிக்கும் ஜெரி ஃபுஜியோ கிட்டாரோடு பாடுகிற நேரத்தை அவளுக்குக் கொடுத்திருக்கலாம். அவர் பாடகர் என்பதால் பாட விட்டிருக்கிறார்கள்.

இசையைக் கவனித்தீர்களா? ஹருமி இபே போட்டது. சீழ்க்கையும் கிட்டாருமாக அப்படியே இத்தாலிக் கௌபாய்ப் படம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1961 இல் ‘யோஜிம்போ’ எடுத்தார். அதைக் கேட்காமலே சுட்டு இத்தாலி இயக்குநர் லியோனே 1964 இல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஒஃப் டொலர்ஸ்’ எடுத்தார். ‘யோஜிம்போ’வின் தோஹோ நிறுவனம் வழக்குப் போட்டது. மூன்று வருடத்தில் அந்த இத்தாலிச் சாயல் ஜப்பானுக்கே திரும்பி வந்துவிட்டது. கடைசி வெட்டவெளியும் அங்கேயிருந்து வந்ததுதான். அந்தத் துறைமுக நகரத்தில் அப்படி ஒரு பாலைவனம் வேறு எப்படி வரும்?

கரடிப்போக்கான்:
மச்சான் கொழும்புக்காரன் இல்லை, ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் படித்துவிட்டு வந்தவன். ஏறக்குறைய அதேதான்.

நாயகனின் கன்னம் ஏன் அப்படி உப்பியிருக்கிறது? பல்லுக்கொதி வந்த ஆள் மாதிரி.

முள்ளியவளை வாசகி:
கமிமுராவாக நடித்த ஜோ ஷிஷிடோ 1950களில் தானாகப் போய்ச் சத்திரசிகிச்சை செய்து பெருப்பித்துக்கொண்ட கன்னம் அது. அழகான பொடியனாக இருந்தால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவோம் என்ற பயம். வில்லன் வேடங்கள் வந்தன, பிறகு நாயகனாகவும் ஆனார். 2020 ஜனவரியில் இறந்தார்.

அவர் பிடித்திருந்தால் அடுத்ததாக ‘பிராண்டட் டு கில்’ பாருங்கள். அதே 1967, அதே நிக்காட்சு, அதே கன்னம், அதிலும் கூலிக்கொலையாளி. இயக்கம் செய்ஜுன் சுசுகி. அதில் இவருக்கு வேகிற சோற்றின் மணம்தான் போதை. கதை விளங்கவில்லை என்று கோபப்படாதீர்கள், நிக்காட்சு முதலாளியே அப்படிக் கோபப்பட்டுச் சுசுகியை வேலையால் நிறுத்தினார். சுசுகி வழக்குப் போட்டார். 1971 இல் இணக்கத்துக்கு வந்தார்கள், ஆனால் பல வருடம் அவருக்குப் படம் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் கோல்ட்தான் ஒழுங்கான படம், அது திமிர் பிடித்த படம். இரண்டும் வேண்டும்.

ஒட்டுசுட்டான் பெக்கோ:
சோற்று மணத்துக்கு மயங்குகிறவனா? நெல் அவிக்கிற காலத்தில் எங்கள் ஊருக்கு வந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போவான்.

கரடிப்போக்கான்:
இன்றிரவே போடுகிறேன், மச்சானைக் கூப்பிடமாட்டேன். பெக்கோ அண்ணை, காணியில் பழைய பங்கர் ஒன்று பாதி தூர்ந்து கிடக்கிறது. மாரிக்கு முதல் மூடி நிரவவேண்டும். மணித்தியாலத்துக்கு என்ன எடுப்பீர்கள்?

ஒட்டுசுட்டான் பெக்கோ:
காசை உள்பெட்டியில் பேசுவோம். வருவதற்கு முதல் நீங்கள் அதற்குள் மண்வெட்டி போடவேண்டாம். கண்ணிவெடி அகற்றுகிற ஆட்கள் அந்தக் காணியைப் பார்த்துவிட்டார்களா என்று முதலில் கேட்டு எழுதுங்கள்.